குளிரில் ஓடிய மேசை ஃபேன்

கம்ப்யூட்டரைப் போட்டதும் 'பீப்' என்று ஒரே ஒரு தடவை சத்தம் வந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். நம் வயசுக்காரர்களுக்கு இது தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது. மூடியைத் திறந்தால் அவர்களுடைய திரை விழித்துக்கொள்கிறது. நமக்கோ அந்த 'பீப்' வரும்வரை நாற்காலியில் உட்காரத் தோன்றாது. நாற்பதைத் தாண்டியும், ஆபீசில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து மேசைக்காரி சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன தெரியும்.

எங்கள் வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா. கடைசி என்றால் மூன்று பக்கச் சுவரிலும் குளிர் அடிக்கும். எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்த சித்தப்பா, கடையில் கழித்துப்போட்ட சாமான்களைப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டி, ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். திரையை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம். கூடவே ஒரு மேசை ஃபேனும் கொண்டுவந்தார். அதைப் பார்க்கத்தான் லயமே கூடியது.

"இந்தக் குளிர்லயா ஃபேனு? அப்புடியே ஐஸ் பெட்டியும் ஒண்ணு கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றாள் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா.

"மனுசனுக்கு இல்லீங்கக்கா, மெஷினுக்கு" என்றார் சித்தப்பா. சிரிப்பு இன்னும் கூடியது.

அது பனி விழும் மாதம். காலையில் குழாயடியில் வாளித் தண்ணீர் தொட முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் குளிரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் வந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. என்னிடம் யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் அம்மா எனக்குத் தலை வாரும்போது, பின்னி முடித்த சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். கோணல் என்பாள். கோணலாக இருந்ததே இல்லை. அவள் போகப்போகிறாள் என்பது எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவளுடைய கம்பளி. கொழுந்து மலைக்குப் போகும்போது தலையில் மடித்துப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்கிற கறுப்புக் கம்பளி. அடுப்புப் புகையும் ஈரமும் பச்சைத் தேயிலையும் சேர்ந்த ஒரு வாடை அதற்கு உண்டு. வீட்டுக்கு வந்தால் அது சும்மா கிடக்காது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு, அப்பத்துக்குக் கரைத்து வைத்த மாவுச் சட்டிக்கு, குட்டி போட்ட ஆட்டுக்கு என்று எதன் மேலாவது இருக்கும். வீட்டில் ஒரு பொருளின் மேல் கம்பளி கிடந்தால், அம்மா அதை உசத்தியாக நினைக்கிறாள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டர் வந்த அன்றே அதற்கும் கம்பளி கிடைத்துவிட்டது.

தலவாக்கலையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று இருந்தது. டேப்பில் எடுத்ததைச் சீடியில் ஓடும்படி மாற்றித் தர அதன் முதலாளி ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் போய்க் கேட்டான். அவர் ஒரு கல்யாணத்தைப் பரீட்சை மாதிரி கையில் கொடுத்தார்.

"சனிக்கெழம சாயந்தரம் சீடி எங் கைக்கு வரணும். வந்திச்சின்னா நீ நம்ம கடையில மாசச் சம்பளத்துக்கு நில்லு. வரலன்னா கொழும்பிலேருந்து ஒருத்தன் வாரேன்னு சொல்லியிருக்கான், அவன எடுத்துக்குவேன். பொறவு மனசுல வச்சிக்காத."

அண்ணன் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னான். அப்பா தேயிலைத் தூள் காயவைக்கும் மெஷினில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு அம்மாவிடம், "இவனுக்குச் சம்பளம் வந்திருச்சின்னா நீ போக வேண்டியதில்ல" என்றார்.

"கெடச்சா நான் எதுக்குங்க போறேன்? இந்தப் புள்ளைய விட்டுட்டுப் போக எனக்கென்ன ஆசயா?" என்றாள் அம்மா.

அம்மாவை ஏற்றிப்போக வேன் வருவதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தின சாயங்காலம்தான் ஸ்டூடியோக்காரர் சொன்ன சாயங்காலம். எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வந்து நின்றது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கம்ப்யூட்டர் ஒரு சோம்பேறி. ஒரு கல்யாணத்தை மாற்றி முடிக்கக் காலையில் தொடங்கினாலும் இருட்டிப் போகும். இருட்டினால் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் பல்பு எரியும், கரண்ட் இளைத்துப்போகும், கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும். நின்றால் செய்தது அத்தனையும் வீண், திரும்ப முதலிலிருந்து. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தாக வேண்டும்.

அதற்கு அண்ணன் கண்ட வழிக்கு எங்கள் வீட்டுப் பெயர் 'ஏத்துறது'. இன்று அதை ஓவர்க்ளாக்கிங் என்கிறார்கள். அவன் எனக்கு விளக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மதர்போர்டில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ப்ராசசர் அந்தத் தாளத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொண்டு ஓடும். ரேமும் அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். தாளத்தைக் கூட்டினால் இரண்டுக்கும் வேகம் கூடும். அதற்கு பயாஸ் என்ற நீலத் திரைக்குள் போய் ஓர் எண்ணை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கடையில் விற்கும்போது கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டுகிறோம், தாங்கினால் உண்டு, தாங்காவிட்டால் இல்லை.

ரயிலுக்குப் போகுமுன் சித்தப்பா அண்ணனிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. ஒவ்வொரு தடவயும் ஓட விட்டுப் பாரு. ஓடுதேன்னு ஒரேயடியா தாவாத. வோல்டேஜ் கூட்டுற எடத்துல மட்டும் கைய வைக்காத. எல்லாத்துக்கும் மேல சூட்டப் பாத்துக்க. கொழும்புல இதுக்கு ஏசி வேணும்டா. ஒங்களுக்கு மலையே ஏசி."

அப்படித்தான் அந்த ஃபேன். பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டைப் பார்க்கிற மாதிரி ஃபேனை வைத்தான். ஜன்னலைப் பாதி திறந்து வைத்தான். அண்ணன் தொப்பியும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டே கீபோர்டைத் தட்ட, நான் பக்கத்தில் சாக்குப் போர்வைக்குள் இருந்தேன். சூட்டைக் காட்டும் எண் திரையின் மூலையில் இருக்கும். அது இறங்கினால் எங்களுக்குச் சந்தோஷம். வீட்டுக்குள் குளிர் வரட்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளைகள் அந்தத் தோட்டத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம்.

ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அந்த 'பீப்' வரவேண்டும். வராத தடவைகளும் உண்டு. திரை கறுப்பாகவே இருக்கும். அண்ணன் முகமும் அப்படியே. அப்போது பிளக்கைக் கழற்றி, மதர்போர்டிலிருக்கும் பொத்தான் மாதிரியான பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பப் போடுவான். கம்ப்யூட்டர் அவன் மாற்றி வைத்த எண்களையெல்லாம் மறந்து, பழைய வேகத்தோடு எழும்பும். தேதியையும் மறந்துவிடும். எத்தனையோ வருஷத்துக்கு முந்தின ஜனவரி முதலாம் தேதியில் போய் நிற்கும். தேதியைச் சரியாக வைப்பது என் வேலை. "தேதிய வையி பாப்பா" என்பான். நான் காலண்டரைப் பார்த்து வைப்பேன். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது.

முதலில் மக்கர் பண்ணியது ப்ராசசர் இல்லை, ரேம். அதை நாங்கள் உடனே கண்டுபிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் நின்றுபோகாமல் நன்றாகத்தான் ஓடியது. சோதித்துப் பார்க்க ஒரு சின்னத் துண்டை மாற்றினோம். போட்டுப் பார்த்தால், மணப்பெண்ணின் முகத்தில் பச்சைக் கட்டங்கள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கழுத்தே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு ரேமுக்கு மட்டும் தனியாக வேகத்தைக் குறைக்க ஓர் இடம் பயாசில் இருப்பதைக் கண்டான். ப்ராசசரை ஏற்றிய இடத்திலேயே வைத்து, ரேமைக் கீழே இறக்கினான். மறுபடி மாற்றிய துண்டில் மாப்பிள்ளைக்குக் கழுத்து இருந்தது. அன்றைக்கு அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. ஃபாக்டரியில் சூடு கொஞ்சம் தப்பினாலும் ஒரு நாள் கொழுந்து முழுக்கக் கருகிப்போவதைப் பார்த்தவர். "அதால முடிஞ்சத அது செய்யிது. அதுக்கு மேல கேக்காதடா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அம்மாவுக்கு நாங்கள் எதையும் விளக்கவில்லை. அவள் இருட்டோடு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போவாள், நாங்கள் கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகு வருவாள். அது ஓடி அவள் பார்த்ததே கிடையாது. வந்ததும் கைகால் கழுவிவிட்டு, தன் கம்பளியை உதறி அதன் மேல் போர்த்துவாள். நின்றுபோன மெஷின்தானே என்று அண்ணன் தடுக்கவில்லை. அவள் போர்த்துகிற விதத்தைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கும். மூலைகளை உள்ளே செருகி, காற்றுப் புகாமல் தட்டிவிடுவாள்.

இப்படி ஏற்றி, இறக்கி, சோதித்து முடிக்கவே சனிக்கிழமை வந்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் அண்ணன் வேலையைத் தொடங்கினான். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல நிரம்ப வேண்டும். நிரம்பி முடிந்தால் கல்யாணம் முடிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம். அண்ணன் சூட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி சூட்டைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பின்னேரம் எனக்கு மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்பு. போகமாட்டேன் என்றதற்கு, "நீ இங்க ஒக்காந்து மூச்சு விட்டா அது வேகமா ஓடுமா? போயிட்டு வா" என்று துரத்தினான்.

நான் போன பிறகு அவனும் வெளியே போயிருக்கிறான். கோடு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. சீடி ஒன்றுதான் இருந்தது, அதில் கீறல். புதுசு வாங்கத் தெருவோரக் கடைக்கு இறங்கிப் போனான். அவ்வளவு நேரத்துக்குள்தான் எல்லாம் நடந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. குளிர் கூடுகிறதே, மெஷினுக்கு நல்லதுதானே என்று சந்தோஷமாக ஓடி வந்தேன். லயத்துக்குள் நுழையும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் மூடியிருப்பது தெரிந்தது.

அம்மா வீட்டில் இருந்தாள். கடைசி நாள் என்று, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா அவளை நேரத்தோடு அனுப்பிவிட்டாராம். கட்டிலில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் நின்றிருந்தது. அதன் வயரை அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கம்பளி, மூலையெல்லாம் செருகியபடி. சூடான கம்பளி வாடையோடு வேறு ஒரு வாடையும் வந்தது, ப்ளாஸ்டிக்கை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி.

"என்னா புள்ளைங்க நீங்க? ஜன்னலத் தொறந்து போட்டுட்டு ஃபேன வேற போட்டுட்டுப் போயிட்டீங்க. வந்து பாத்தா மூட்டம் பூரா அதுக்குள்ள போவுது. அண்ணனோட பொழப்பே அதுலதான இருக்கு? இப்ப வந்து மூடுனேன், இல்லாட்டி நனஞ்சி போயிருக்கும்" என்றாள்.

திரையில் நீலக் கோடு நின்ற இடத்தில் நின்றிருந்தது. மிச்சம் கொஞ்சம்தான். மூலையில் சூட்டு எண் நான் ஒருநாளும் பார்க்காத அளவில் இருந்தது, அதுவும் அசையவில்லை. கம்பளியை இழுக்கவா, அம்மாவிடம் என்ன சொல்ல, ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் பின்னால் அண்ணன் வந்து நின்றான், கையில் புதுச் சீடியோடு.

அவன் கம்பளியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டுத் தன்னையே பார்க்கிற அம்மாவைப் பார்த்தான். அவன் கத்தப் போகிறான் என்று நினைத்து நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவன் மெதுவாகப் போய்க் கம்பளியை எடுத்தான். உதறினான், மடித்தான், அம்மாவிடம் கொடுத்தான்.

"மூடுனது நல்லதாப் போச்சும்மா" என்றான்.

"வேல முடிஞ்சிச்சா?"

"இல்லம்மா. நாந்தான் ரொம்ப ஏத்திட்டேன். மெஷின் தாங்கல."

அம்மா கம்பளியை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பைக்குள் வைக்கப் பார்த்து, அங்கே குளிர் இருக்காது என்று ஞாபகம் வந்தோ என்னவோ, திரும்ப எடுத்துக் கொடியில் போட்டாள். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அது அப்படியே அடங்கிவிட்டது. இன்று வரைக்கும் அவன் என்னிடம் 'சொல்லாதே' என்று வாயால் சொன்னதில்லை.

அவன் பிளக்கைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, ஆற வைத்து, திரும்பப் போட்டான். 'பீப்' வந்தது. மெஷின் சாகவில்லை. ஆனால் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, பக்கத்துக் காம்பராவில் பல்பு எரிந்தது. இனி முதலிலிருந்து செய்ய நேரம் இல்லை. திரையில் பழைய ஜனவரி முதலாம் தேதி நின்றது. அண்ணன் தேதியை வைக்கச் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தத் திரையில் அம்மா போவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்பா வந்து விஷயத்தைக் கேட்டதும், "நான் சொன்னேன்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பல வருஷம் சொன்னார். அண்ணன் வேறு எந்த வேலைக்குப் போனாலும், "அதுலயும் ரொம்ப ஏத்தாத" என்பார். லயத்தில் ஏதாவது பழுதானால், "அவங்கிட்ட குடுக்காதீங்க, கருக்கிப்புடுவான்" என்று கேலி பேசினார்கள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது ஒருத்தர் அவனை ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போனாள். இரண்டு தடவை போனாள். இடையில் வந்தபோது நான் வயசுக்கு வந்திருந்தேன். எனக்குத் தலை வார உட்கார்ந்தவளுக்கு, என் முடியின் வகிடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இப்போது அம்மா நுவரெலியாவில் அண்ணனோடு இருக்கிறாள். அவன் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். போன மாதம் நான் போயிருந்தேன். அண்ணன் மகள் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தாள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு. அதையும் ஏற்றித்தான் வைத்திருக்கிறாளாம். எல்லாம் மௌசாலேயே செய்துவிட்டாள், எங்கள் நடுக்கம் அவளுக்கு இல்லை. ஏதோ வீடியோ மாற்றுகிறது என்று ஓட விட்டிருந்தாள்.

'ஏத்துறது' என்ற பேச்சைக் கேட்டதும் அம்மா வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டாள். "ஒங்கப்பன் அன்னைக்கு அந்த மெஷின கண்டபடி ஏத்தாம இருந்திருந்தா நான் எதுக்கு வெளிநாடு போறேன். ஒங்க அத்தைய வச்சிக்கிட்டு வீட்டோட இருந்திருப்பேன்" என்றாள் பேத்தியிடம்.

"ஆமாம்மா. கொஞ்சம் கூடத்தான் ஏத்திட்டேன்" என்றான் அண்ணன், வழக்கம்போல. நான் டீயைக் குடித்தேன்.

சாயங்காலம் மூட்டம் இறங்கியது. அம்மா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே போய் வரும்போது கையில் கம்பளி இருந்தது. பழையது இல்லை, பூப்போட்ட புதுசு. விரித்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் போனாள்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு எழும்பினான். அவன் அவ்வளவு வேகமாக எழும்பி நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் மகள் பேசிவிட்டாள்.

"ஐயோ அப்பாயி, ஓடுறப்ப மூடக்கூடாது. காத்து போகாம சூடாகி நின்னுரும்."

அம்மா விரித்த கம்பளியோடு அப்படியே நின்றாள். கண்ணாடிக்குள் சுற்றுகிற சின்ன ஃபேன்களைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

அம்மா கம்பளியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மூடுனது நல்லதாப் போச்சுன்னு சொன்னியேடா."